நகையும் உவகையும்: வாசகர் கேள்வி – பதில்

உள்ளபடியே மகிழ்ச்சியாக இருப்பதற்கும், மகிழ்ச்சியாக இருப்பதுபோல் நடந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாடு பற்றிக் கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் பல ஒரே கவலையை வெவ்வேறு சொற்களில் சொல்லியிருந்தன. அவற்றிலிருந்து ஏழு கடிதங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

ஒருவரின் கண்களைப் பார்த்தே அவர் சிரிப்பது மெய்யா பொய்யா என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா? — ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஆதாரம் உண்டு, ஆனால் மக்கள் நம்பும் அளவுக்கு அது உறுதியானது அன்று. பிரான்சு நாட்டு நரம்பியல் மருத்துவர் துஷேன், முகத்தின் தசைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் தூண்டி, எந்தத் தசை எந்த உணர்ச்சியைக் காட்டுகிறது என்று ஆராய்ந்து, நிழற்படங்களோடு 1862-இல் நூலாக வெளியிட்டார். அந்தப் படங்களில் அடிக்கடி காணப்படும் முதியவர் முகத்தில் தொடு உணர்வு குன்றியவராக இருந்ததால், மின்தூண்டல் அவருக்கு வலியைத் தரவில்லை. வாயின் ஓரங்களை மேலே இழுக்கும் கன்னத்துத் தசையை மட்டும் தூண்டியபோது அவர் சிரிப்பதுபோலத்தான் தெரிந்தது. ஆயினும் அந்த முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அவர் தாமாகச் சிரித்தபோதோ கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசையும் சுருங்கி, கன்னம் மேலெழுந்து, கண்ணோரத்தில் கோடுகள் விழுந்தன. கன்னத்துத் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும், கண்ணைச் சுற்றிய தசை உள்ளத்தின் இன்பத்துக்கு மட்டுமே கட்டுப்படும் என்று துஷேன் முடிவு செய்தார். பின்னர் சார்லஸ் டார்வின் அந்தப் படங்களைப் பலரிடம் காட்டிப் பார்த்தார். இயல்பான சிரிப்பை எல்லோரும் உடனே கண்டுகொண்டனர். மின்சாரத்தால் வந்த சிரிப்பைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். அமெரிக்க உளவியலாளர் பால் எக்மனும் அவருடைய சகாக்களும், கண்ணும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்புக்குத் துஷேனின் பெயரையே சூட்டினர்.

ஆனால் பிற்கால ஆய்வுகளில், கண்ணோரத் தசையையும் வேண்டுமென்றே சுருக்கிக் காட்டக்கூடியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்று தெரியவந்தது. அதனால் ஒருவரின் கண்ணோரத்தை உற்றுப் பார்த்து அவர் நேர்மையானவரா என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை நான் ஊக்குவிக்க மாட்டேன். கூச்சமுள்ளவர்களும், பல்வரிசை பற்றிய வெட்கத்தில் வாயை மூடியபடி சிரிப்பவர்களும், முகவாதம் வந்து தேறியவர்களும் அந்தத் தீர்ப்பில் குற்றவாளிகளாகிவிடுவார்கள்.

தாங்கள் தமிழாசிரியர் என்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லும்போது நகையை முதலிலும் உவகையைக் கடைசியிலும் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கிலிருந்து நகை பிறக்கிறது. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கிலிருந்து உவகை பிறக்கிறது. சிரிப்பும் மகிழ்ச்சியும் ஒன்றல்ல, அவற்றின் ஊற்றுக்களும் ஒன்றல்ல என்பதை நம் இலக்கணம் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. இந்தப் பிரிவை மறந்துவிட்டதால்தான் சிரிக்காதவரை வருந்துபவர் என்றும், சிரிப்பவரைக் கவலையற்றவர் என்றும் இன்று எளிதில் எண்ணிவிடுகிறோம்.

பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் ஐம்பது புடவையைப் பிரிக்கச் சொல்லி, ஒன்றும் எடுக்காமல் போனாலும் சிரித்துக்கொண்டுதான் மடித்து வைக்க வேண்டும். இரவு வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசத் தோன்றவில்லை. "கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும்தான் சிரிப்பாயா அம்மா?" என்று என் மகள் கேட்டுவிட்டாள். நான் பொய்யானவளாக ஆகிவிட்டேனா? — ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புச் சகோதரி, தங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். தாங்கள் பொய்யானவர் அல்லர், களைத்துப்போனவர். அந்தக் களைப்புக்கு ஒரு பெயரும் உண்டு, அதைப் பற்றிய ஆய்வும் உண்டு.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட், விமானப் பணிப்பெண்களின் பயிற்சியையும் பணியையும் நேரில் கவனித்து 1983-இல் ஒரு நூலை எழுதினார். கை கால்களின் உழைப்பைப் போல, மூளையின் உழைப்பைப் போல, உணர்ச்சியின் உழைப்பு என்று ஒன்றும் இருக்கிறது, அதையும் முதலாளி சம்பளத்துக்கு வாங்குகிறார் என்பதே அவர் எடுத்துக்காட்டியது. அந்த உழைப்பை அவர் இரண்டாகப் பிரித்தார். உள்ளே எரிச்சல் இருக்க, முகத்தில் மட்டும் சிரிப்பை வைத்துக்கொள்வது மேலோட்டமான நடிப்பு. எதிரில் இருப்பவரின் நிலையை நினைத்துப் பார்த்து உள்ளத்தையே சற்று மாற்றிக்கொண்டு, அதன் பிறகு சிரிப்பது ஆழமான நடிப்பு. பின்னர் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஆளைச் சோர்வடையச் செய்வது பெரும்பாலும் முதல் வகைதான் என்று தெரிகிறது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டையும் நாள் முழுவதும் பிரித்து வைத்திருப்பதற்கே மனத்தின் வலிமை செலவாகிறது. பணிமுடிந்து அறைக்குத் திரும்பிய பிறகும் அந்தச் செயற்கையான உற்சாகத்திலிருந்து இறங்கி வர முடியாமல் தவித்த பணிப்பெண்களைப் பற்றி ஹாக்‌ஷீல்ட் எழுதியிருக்கிறார். தங்களுக்கோ, இறங்கியதும் எதுவுமே மிஞ்சாமல் போகிறது. இரண்டும் ஒரே நோவின் இரண்டு முகங்கள் என்றே நான் கருதுகிறேன்.

கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தரப்பட வேண்டும் என்று கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் திருத்தியது. கால்கள் வலிக்கும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. முகமும் வலிக்கும் என்பதை ஒப்புக்கொள்ளும் மேலாளர்கள் இன்னும் மிகச் சிலரே. இதைத் தங்கள் தனிப்பட்ட குறையாக எண்ணிக்கொள்ளாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உணவு இடைவேளை முழுமையாகக் கிடைப்பதும், கண்ணியமில்லாமல் பேசும் வாடிக்கையாளரிடமிருந்து விலகி நிற்க மேற்பார்வையாளர் அனுமதிப்பதும் ஒரு விற்பனையாளரின் மனநலத்துக்கு எந்த அறிவுரையையும் விட அதிகம் உதவும்.

தங்கள் கையில் இருப்பவை இரண்டு. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு தாய், எந்த நிறம் மகளுக்குப் பொருந்தும் என்று தங்களிடம் உண்மையாகவே யோசனை கேட்பார். அப்படிப்பட்ட ஒருவர் இருவரிடமாவது, விற்க வேண்டும் என்ற நினைப்பை ஒதுக்கிவிட்டு, தங்களுக்குத் தெரிந்ததைத் தங்களுக்குத் தோன்றியபடி சொல்லுங்கள். அப்போது வரும் சிரிப்புக்குக் கூலி வாங்கினாலும் அது தங்களுடையதுதான். அடுத்தது, மகளிடம் சொல்ல வேண்டியது. "அம்மாவுக்கு உன்மேல் கோபம் இல்லை, பகல் முழுவதும் சிரித்ததில் முகம் ஓய்ந்துபோயிருக்கிறது, அரை மணி நேரம் உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். தங்கள் சிரிக்காத முகத்தைக் காணும் உரிமை வீட்டாருக்கு மட்டுமே உண்டு என்பதையும், அது புறக்கணிப்பு அல்ல, நெருக்கம் என்பதையும் குழந்தைகள் நாம் நினைப்பதைவிட விரைவாகப் புரிந்துகொள்வார்கள்.

மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு இரண்டு முறை நுழைவுத் தேர்வு எழுதியும் இடம் கிடைக்கவில்லை. இப்போது வேளாண்மைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும் என்ற நரியின் கதைதான் உன் கதை" என்று அண்ணன் கேலி செய்கிறார். என் மகிழ்ச்சி நானே செய்துகொண்ட ஏமாற்றா? — கல்லூரி மாணவி, தேனி

தங்கையே, நரி என்ன சொன்னது என்பதைச் சற்றுக் கவனமாகப் பார். எட்டாத பழம் புளிக்கும் என்றது. மருத்துவம் மோசமான படிப்பு என்று நீ உன் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. வேளாண்மை உனக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறாய். எட்டாததைத் தூற்றுவதும் எட்டியதை விரும்பக் கற்பதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தெரியலாம். மனத்துக்குள் நடப்பவை வேறு.

ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் டேனியல் கில்பர்ட் இந்தக் கேள்வியைத்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். விரும்பியது கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சி ஒன்று. கிடைக்காதபோது மனம் தானே உருவாக்கிக்கொள்ளும் மகிழ்ச்சி மற்றொன்று. இரண்டாவதைக் கேட்டதும் நாம் உதட்டைப் பிதுக்குகிறோம். ஆனால் அதுவும் முதலாவதைப் போலவே மெய்யானது, நிலைக்கக்கூடியது என்பது அவருடைய முடிவு. உடலைக் கிருமிகளிடமிருந்து காக்கும் நோயெதிர்ப்பு ஆற்றலைப் போல, மனத்துக்கும் ஓர் எதிர்ப்பாற்றல் உண்டு என்றும் அவர் சொன்னார்.

அவர் ஆய்வாளர் ஜேன் எபர்ட்டுடன் சேர்ந்து நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உன் நிலைக்கு மிக அருகில் வருகிறது. மாணவர்களுக்கு நிழற்படக் கலை கற்றுக்கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களுள் சிறந்த இரண்டை அவர்களையே அச்சிடச் சொன்னார்கள். ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்றதைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு பிரிவினரிடம் "முடிவு செய்த பின் மாற்ற முடியாது" என்றார்கள். மற்றப் பிரிவினரிடம் "சில நாள்களுக்குள் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள். மாற்ற முடியாதவர்கள் தம் படத்தை மேலும் விரும்பத் தொடங்கினர். மாற்ற முடிந்தவர்களுக்கு அந்த விருப்பம் வளரவில்லை. இதுவா அதுவா என்ற ஊசலாட்டத்திலேயே அவர்களுடைய நாள்கள் போயின. கதவு திறந்திருக்கும்வரை மனம் வாசலிலேயே நிற்கிறது, மூடிய பிறகுதான் வீட்டுக்குள் வந்து உட்கார்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மூன்றாம் முறை தேர்வு எழுதலாமா என்ற எண்ணம் எப்போது உன்னை விட்டுப் போனதோ, அதற்குப் பிறகுதான் வேளாண்மை உனக்குப் பிடிக்கத் தொடங்கியிருக்கும் என்று ஊகிக்கிறேன்.

ஒருவேளை இது தன்னைத் தானே சமாதானப்படுத்தும் பேச்சுதானோ என்று கேட்கலாம். தாம் எந்த ஓவியத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பதையே நினைவில் வைத்திருக்க இயலாத, மறதி நோய் உள்ளவர்களிடம் இதே போன்ற சோதனை நடத்தப்பட்டது. தேர்ந்தெடுத்ததே நினைவில்லாத அவர்களுக்கும், தேர்ந்தெடுத்த ஓவியத்தின் மீது விருப்பம் கூடியிருந்தது. யாரிடமும் தம்மை நியாயப்படுத்த வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆகவே இது பிறருக்குக் காட்டுவதற்கான பேச்சு அன்று, விருப்பமே மாறியிருக்கிறது.

ஆனாலும் இந்த ஆற்றலுக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1978-இல் அமெரிக்க உளவியலாளர் பிலிப் பிரிக்மனும் அவருடைய குழுவினரும் லாட்டரிப் பரிசு பெற்ற 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வை, "இரு சாராரும் ஒரே அளவு மகிழ்ச்சியாக இருந்தார்கள்" என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். அது சரியன்று. விபத்துக்கு ஆளானவர்கள் நாம் எதிர்பார்ப்பதைவிட மேலான நிலையில் இருந்தார்கள் என்பது உண்மை. மற்றவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்பதும் உண்மை. இழப்பை மனம் தாங்கிக்கொள்ளும். இழப்பே இல்லை என்று ஆக்கிவிடாது.

எனவே நீயே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த தோழி ஒருத்தி உடற்கூறு வகுப்பைப் பற்றி ஆர்வமாகப் பேசும்போது உன்னால் கேட்க முடிகிறதா? இடையிடையே ஒரு சிறு வலி வந்தாலும், மேலும் சொல் என்று கேட்கத் தோன்றுகிறதா? தோன்றினால் உன் மகிழ்ச்சியைப் பற்றி ஐயப்பட வேண்டாம். அவளுடைய அழைப்பு வரும்போதே கைப்பேசியைத் திருப்பி வைக்கிறாய் என்றால், துக்கம் இன்னும் மிச்சமிருக்கிறது. அதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை, ஆனால் அதை மகிழ்ச்சியால் மூடி வைக்காதே. முயன்று அடைந்த மகிழ்ச்சி பொய் ஆகாது. எதையேனும் மறைப்பதற்காக வைத்திருக்கும் மகிழ்ச்சிதான் பொய்.

மனச்சோர்வுக்காக மருத்துவர் சொன்னபடி நான்கு மாதங்களாக மாத்திரை சாப்பிடுகிறேன். மறுபடி பேரப்பிள்ளைகளுடன் விளையாட முடிகிறது. "குடிக்கிறவனுக்கு வருகிற சந்தோஷமும் இதுவும் ஒன்றுதான், விட்டுவிடு" என்கிறார் என் மைத்துனர். — வாசகர், ஈரோடு

ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள்: மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் போன்ற தொல்லைகள் வரலாம். சோர்வும் திரும்பி வரலாம்.

தங்கள் மைத்துனர் சொல்வது பிழை. மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் போதை தருபவை அல்ல. விழுங்கிய அரை மணியில் உற்சாகம் பொங்குவதில்லை. அவை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகின்றன. மனச்சோர்வு என்ற நோய் செய்யும் பெருங்கேடு, எதிலும் இன்பம் காணும் ஆற்றலையே எடுத்துவிடுவது. கண்புரை நீக்கிய பிறகு முற்றத்துச் செம்பருத்தி சிவப்பாகத் தெரிந்தால், அந்தச் சிவப்பை மருத்துவர் பூசினார் என்று யாரும் சொல்வதில்லை. பேரப்பிள்ளையின் மழலையில் தாங்கள் காணும் இன்பமும் அப்படித்தான். அது எப்போதும் அங்கே இருந்தது, இப்போது தங்களுக்கு எட்டுகிறது.

குடியோடு ஒப்பிடுவது ஏன் தவறு என்பதற்கு மூளை ஆய்விலிருந்தும் விளக்கம் தரலாம். ஒன்றை வேண்டுவதும் ஒன்றில் இன்புறுவதும் மூளையில் ஒரே செயல் அல்ல என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் காட்டினார். டோபமைன் என்ற வேதிப்பொருள் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள், உணவைத் தேடிச் செல்லவே இல்லை. ஆனால் நாக்கில் இனிப்பை விட்டால் முன்போலவே சுவைத்தன. அந்த எலிகளிடம் வேட்கை போய்விட்டது, இன்பம் போகவில்லை. குடிக்கு அடிமையானவரிடம் இதற்கு நேர்மாறாக நடக்கிறது: வேட்கை வளர்ந்துகொண்டே போகிறது, அதில் கிடைக்கும் இன்பமோ தேய்ந்துகொண்டே வருகிறது. வேறு எதிலும் இன்பம் இல்லாமல் போகும் அளவுக்கு வாழ்க்கையும் சுருங்கிவிடுகிறது. தங்கள் வாழ்க்கை விரிந்திருக்கிறது; இதை மைத்துனரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இதே நிலையில் இருந்தும் இன்னும் மருத்துவரிடம் போகாத வாசகர்களுக்காக: மைய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். தமிழில் பேசவும் வசதி உண்டு.

எங்கள் பூங்காவில் காலையில் கூட்டமாக நின்று கைதட்டிச் சிரிக்கிறார்கள். காரணமில்லாமல் சிரிப்பது செயற்கைதானே? — வாசகர், சேலம்

தொடங்கும்போது செயற்கைதான், அதை அவர்களும் மறைப்பதில்லை. 1995-இல் மும்பையில் மருத்துவர் மதன் கட்டாரியா ஐந்து பேருடன் தொடங்கிய சிரிப்பு மன்றம், முதலில் நகைச்சுவைத் துணுக்குகளை நம்பித்தான் நடந்தது. துணுக்குகள் தீர்ந்துபோகவே, காரணமில்லாமல் சிரிப்பதைப் பயிற்சியாக்கினார். கூடியிருப்பவர்களின் சிரிப்பு தொற்றிக்கொள்வதால் சிறிது நேரத்தில் பலருக்கு இயல்பான சிரிப்பே வந்துவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரோவைன், தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல ஏறக்குறைய முப்பது மடங்கு, மனிதர்கள் பிறரோடு இருக்கும்போது சிரிக்கிறார்கள் என்று கண்டார். அந்தப் பூங்காவுக்கு வருபவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள், துணையை இழந்தவர்கள். நாள்தோறும் காலை ஆறு மணிக்குத் தம்மை எதிர்பார்க்க நாலு பேர் இருக்கிறார்கள் என்பதில்தான் பெரும் பயன் இருக்கிறது என்று நினைக்கிறேன். தாங்களும் ஒரு வாரம் போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை நாள்தோறும் வாட்ஸப்பிலும் முகநூலிலும் சிரித்த முகத்துடன் படங்கள் போடுகிறாள். பார்க்கும்போதெல்லாம் என் வாழ்க்கை வறண்டதாகத் தோன்றுகிறது. சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது திடீரென்று அழுதுவிட்டாள். எதை நம்புவது? — ஒரு வாசகி, மதுரை

இரண்டையும் நம்புங்கள். கடற்கரையில் அவர் சிரித்த அந்த நொடி நடந்ததுதான், அழுகையும் நடந்ததுதான். படம் எடுக்கப்பட்டது ஒன்று, எடுக்கப்படாதது மற்றொன்று. கல்யாண ஆல்பத்தில் பந்தியில் நடந்த சண்டை இருக்குமா? அதற்காக ஆல்பத்தைப் பொய் என்று சொல்வோமா? ஆல்பத்தை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தோம். இப்போது ஊரார் அனைவரின் ஆல்பத்தையும் நாளுக்குப் பத்து முறை பார்க்கிறோம்.

பிறருடைய துன்பத்தை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்பதை 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தம் சக மாணவர்கள் எவ்வளவு அடிக்கடி தனிமையிலும் கவலையிலும் தவிக்கிறார்கள் என்பதை மாணவர்கள் குறைவாகவே கணித்தார்கள். அவ்வாறு குறைத்துக் கணித்தவர்களிடமே தனிமையுணர்வும் வாழ்க்கை மீதான மனக்குறையும் மிகுந்திருந்தன. துன்பத்தை மனிதர்கள் பெரும்பாலும் தனியாக இருக்கும்போதே வெளிக்காட்டுகிறார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். முகநூலைப் பொறுத்தவரை, 2018-இல் அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. நான்கு வாரங்கள் முகநூல் கணக்கை முடக்கி வைத்தவர்களின் மனநலம் சற்று மேம்பட்டது; நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர்களுக்கு மிச்சமானது, அதில் ஒரு பகுதியைக் குடும்பத்தாருடனும் நண்பர்களுடனும் செலவிட்டார்கள். மேம்பாடு சிறியதுதான் என்பதை ஆய்வாளர்களே சொல்கிறார்கள். ஆகவே கைப்பேசியைக் கிணற்றில் போடச் சொல்ல மாட்டேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அழுகைதான். அத்தனை பேருக்குச் சிரிப்பைக் காட்டிய தங்கை, தங்களிடம் மட்டும் அழுதிருக்கிறார். அதற்குப் பிறகு தாங்கள் அழைத்துப் பேசினீர்களா என்று கடிதத்தில் இல்லை. அழையுங்கள், படங்களைப் பற்றிக் கேட்க வேண்டாம், "சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி இருக்கிறது?" என்று தொடங்குங்கள். தங்கள் வாழ்க்கையின் வறட்சியையும் அவரிடம் சொல்லுங்கள். இருவருமே ஒருவரையொருவர் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்க வாய்ப்பிருக்கிறது.

என் கணவர் காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு திருமண வரவேற்புக்கு அவர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு வந்து மாப்பிள்ளைக்குக் கைகொடுத்தது நினைவுக்கு வந்து இருவரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். நாத்தனார் கேட்டுவிட்டு, "ஒரு வருடம்கூட ஆகவில்லை" என்றார். அன்றிலிருந்து உறக்கமில்லை. என் துக்கம் பொய்யா, அந்தச் சிரிப்பு பொய்யா? — ஒரு வாசகி, காரைக்குடி

அம்மா, இரண்டும் மெய். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன, கண்ணும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பைத்தான் தங்களைப் போன்றவர்களிடமே இரண்டு ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். வாழ்க்கைத் துணையை இழந்து ஆறு மாதங்களான நடுவயதினரை அழைத்து, மறைந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லி, அவர்களுடைய முகத்தைப் படம்பிடித்து, தசை தசையாக ஆராய்ந்தார்கள் டேகர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும். 1997-இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. துயரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பலர் சிரித்தார்கள்; அதிலும் கண்ணும் சேர்ந்த, நடிக்காத சிரிப்பைச் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களிடம் வேதனையும் கோபமும் குறைந்திருந்தன. மறைந்தவரோடு தமக்கிருந்த உறவைப் பற்றி மனக்கசப்பும் குறைவாகவே இருந்தது. துக்கத்தை மறுப்பவர்கள்தாம் சிரிப்பார்கள் என்று அதுவரை பலரும் எண்ணியிருந்ததற்கு இது மாறாக இருந்தது.

இதைக் காட்டித் துக்கத்தில் இருக்கும் எவரையும் சிரிக்கச் சொல்லக் கூடாது. சிரிப்பு வராதவர்களிடம் குறை எதுவும் இல்லை. எட்டு மாதத்தில் சிரித்தவர் பத்தாம் மாதம் மீண்டும் நாள்கணக்கில் அழலாம். தங்கள் நாத்தனாரும் தம் உடன்பிறந்தவரை இழந்தவர். அவருடைய சொல்லில் கண்டிப்பைவிட அச்சமே மிகுதியாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது: தம் அண்ணனை எல்லோரும் மறந்துவிடுவார்களோ என்ற அச்சம். அந்தத் திருமண வரவேற்புக்கு அவரும் வந்திருந்தாரா? வந்திருந்தால், சட்டையை முதலில் கவனித்தவர் யார், மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள். வரவில்லை என்றால் அந்தக் கதையை அவருக்கு முழுவதுமாகச் சொல்லுங்கள். ஆண்டுத் திதிக்கு உறவினர் கூடும்போது மறுபடியும் சொல்லுங்கள். பாதியில் குரல் அடைத்துப் போனால், மீதியைத் தங்கள் தங்கை சொல்லி முடிக்கட்டும்.